என்னிடம் இல்லாத தொலைநோக்கு

என் தொலைநோக்கு பொய். கம்பெனியே மெச்சிய அந்த முன்யோசனை என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை... நான் அப்போது காதலில் இருந்தேன், அவ்வளவுதான்!

அறுபதுகளின் கடைசி. பல்லாவரத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் எனக்கு ஆபீஸ் வேலை. எல்லாரும் தலையாட்டும் கூட்டத்தில் ஆபத்து எவர் கண்ணிலும் படாது என்பது எங்கள் மேனேஜரின் கொள்கை. அதனால் எந்தத் திட்டம் வந்தாலும் சீட்டுக் குலுக்கி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். திட்டம் பிடித்திருந்தாலும் சீட்டில் பெயர் வந்தவர் அதை எதிர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்தக் கோடையில், ஸ்டோர்ஸைக் கவனித்துவந்த என் உயிர் நண்பன் ஆரோக்கியம் ஒரு திட்டம் கொண்டுவந்தான். ஆபீஸை ஒட்டியிருந்த குடோனை ஏரிப்பக்கம், குறைந்த வாடகை இடத்துக்கு மாற்றலாம் என்றான். அது நிறைவேறினால் உதவி மேனேஜர் பதவி அவனுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

சீட்டில் என் பெயர் வந்தது.

நீங்களே சொல்லுங்கள், நான் எந்த ஆபத்தைக் கண்டேன்? ஒன்றே ஒன்றைத்தான்... குடோன் போனால் குடோன் டைப்பிஸ்ட் எஸ்தரும் போய்விடுவாள்! என் ஜன்னலுக்கு நேரே அமர்ந்திருந்தவள் அவள்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பள்ளமான இடம் சார். மழை வந்தா தண்ணி நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெடித்துக் கிடந்த அந்த நிலத்தில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் விடவில்லை. காதலுக்குத்தான் எத்தனை வாய்! கடைசியில் மேனேஜர், "சரி, ஒரு மழைக்காலம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

ஐப்பசியில் ஏரி நிரம்பி வழிந்தது. ஆடு மேய்ந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். சோப்பு அங்கே இருந்திருந்தால் பல்லாவரமே நுரையில் மிதந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. எல்லாருமாகச் சேர்ந்து காக்கைக்கு மாலை போட்டார்கள்!

பதவி எனக்கு வந்தது. ஆரோக்கியத்துக்கு அவசரக்காரன் என்ற பெயர் நிலைத்தது. ஆனாலும் எனக்குப் பலமாகக் கைதட்டியவன் அவன்தான். எனக்கும் எஸ்தருக்கும் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் அவனே. எஸ்தரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "ஆரோக்கியம் அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்... சொன்னேனா? இல்லை. சந்தோஷம் அப்படி! கையில் இருந்ததைக் கலைக்க மனம் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அவன் சேலையூர்ப் பக்கம் மனை பார்த்தான். என்னையும் கூட்டிப்போனான். "உன் கண்ணுக்குத் தப்புற ஆபத்து உண்டா மச்சான்? நீ சரின்னா வாங்கிடறேன்."

அப்போதாவது வாய் திறந்திருக்கலாம்... புருவத்தைச் சுருக்கினேன். மண்ணைக் காலால் தட்டினேன். "நல்ல இடம்" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

வீடு கட்டிவிட்டான். இதுவரை தண்ணீர் வரவில்லை. ஆனாலும் பெருமழை பிடித்தால் தாம்பரத்தில் என் வீட்டிலிருந்து குடையோடு அங்கே ஓடுகிறேன்.

"இந்த மழையிலயும் என்னைப் பார்க்க வந்துட்டியே மச்சான்" என்று பூரித்துப்போய்க் காபி கொடுக்கிறான். நான் அவன் வாசற்படியையே பார்த்துக்கொண்டு குடிக்கிறேன்.