ஆயிரத்துக்கு மேல்

பில்லிங் கவுண்டர் வேலையில் பாதி நேரம் பொருளைப் பார்க்க வேண்டும், மீதி நேரம் ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கூப்பன் வந்துவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு, எறும்பு சைஸ் எழுத்தைப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிற்பவராக நீங்கள் இருந்தால் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நான் ஓசூரில் ஒரு மளிகை சூப்பர் மார்க்கெட்டில் மூன்றாம் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். ஊர் சூளகிரிப் பக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். தாசில்தார் கையெழுத்துப் போட்ட முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் ஃபைலில் இருக்கிறது. சேரும்போது மூன்று மாத டிரையல் என்றார்கள். கடை வாசலில் ஒரு புகார் நோட்டு தொங்கும். டிரையல் முடிவதற்குள் அதில் என் பேரில் மூன்று புகார் விழுந்தால் வேலை நிரந்தரம் கிடையாது. காலையில் கடைக்குள் நுழையும்போது எல்லாரும் சாமி படத்தைக் கும்பிடுவார்கள். நான் முதலில் நோட்டைப் பார்ப்பேன்.

எண்ணெய் தவிர

இது நான் பார்த்ததில்லை. இரண்டாம் கவுண்டர் ஷோபா சொன்னது. அவள் பார்டருக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில் இருக்கும் அத்திப்பள்ளிக்காரி, எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். அந்த எச்சரிக்கையோடு எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் மூன்றாம் கவுண்டரில் ஒரு பையன் இருந்தானாம். ஒரு கூப்பனில் 'எண்ணெய், சர்க்கரை தவிர மற்ற பொருட்களுக்கு' என்று போட்டிருந்தது. ஒருவர் தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் பாட்டில் கொண்டுவந்தார். பையன் பாட்டிலைப் பார்த்தான், எண்ணெய் என்று எழுதியிருந்தது, தள்ளுபடி இல்லை என்றான். அவர் பாட்டிலைத் திறந்து அவன் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். "தம்பி, இதுல ஒரு தோசை சுட்டு நீ முதல்ல சாப்பிடு. அப்புறம் நான் முழுக் காசு தர்றேன்."

ஒரு குடும்பத்துக்கு ஒன்று

சிப்காட் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மூன்று பெண்கள் வந்தார்கள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஒருத்தி விழுப்புரம், ஒருத்தி தென்காசி, ஒருத்தி காவேரிப்பட்டினம். ஒரே ரூமில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரே டிராலியில் பொருள், கையில் மூன்று கூப்பன். 'ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன் மட்டும்' என்று அதில் இருந்தது.

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? நான் ரொம்ப யோசித்துவிட்டு, "நீங்க மூணு பேரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் காய்கறிப் பக்கமிருந்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு டிராலியை மூன்றாகப் பிரித்தோம். பருப்பு இவளுக்கு, சோப்பு அவளுக்கு, ஷாம்பு யாருக்கு என்பதில் மட்டும் தகராறு. பின்னால் ஒரே ஒரு பிரெட் பாக்கெட்டோடு நின்றவர் போகும்போது நோட்டில் எழுதிவிட்டுப் போனார்: கவுண்டர் மூன்று, தாமதம். அது என் முதல் புகார். தென்காசிப் பெண் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "சமையல் ஒண்ணு, சண்டை ஒண்ணு, பாத்ரூமும் ஒண்ணுதான் அக்கா. குடும்பம்னே எழுதிக்கோ, ஆனா பாத்திரம் கழுவுற முறைய நீ வந்து பிரிச்சுக் குடு."

நேற்று வரை

ஆயுத பூஜைக்குச் சில கம்பெனிகள் ஸ்வீட்டோடு எங்கள் கடைக் கூப்பனும் கொடுப்பார்கள். 'தமிழ்நாட்டுக் கிளைகளில் மட்டும்' என்று அதில் இருக்கும். ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளிக் கிளைக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு அதுதான் பக்கம். பார்டர் தாண்டிப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பார்டர் செக்போஸ்ட் இருக்கும் ஜூஜுவாடியில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டார். அதற்குள் எங்கள் கடை மூடிவிட்டது. மறுநாள் காலை என்னிடம் வந்தபோது கூப்பனின் தேதி முடிந்திருந்தது.

தேதி முடிந்தால் மிஷின் எடுக்காது. அதை நான் எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். பணிவு அவருக்கு இன்னும் கோபத்தை வரவழைத்தது. நோட்டில் எழுதினார். இரண்டு. எழுதிவிட்டுப் பேனாவை என்னிடமே கொடுத்தார். "கூப்பன் முடிஞ்சது நேத்து. நான் செக்போஸ்ட்ல நின்னதும் நேத்து. ரெண்டு நேத்துல எந்த நேத்தும்மா உன் மிஷினுக்குத் தெரியும்?"

ஆயிரம்

டிரையல் முடிய ஒன்பது நாள் இருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது பண்டிகைக் கூப்பன். இரண்டு மாநிலக் கிளைகளுக்கும் பொதுவானது. முன்பக்கம் தமிழ், பின்பக்கம் கன்னடம். 'ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் நூறு ரூபாய் தள்ளுபடி.'

ஜூஜுவாடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தார், போனில் கூட்டிக்கொண்டே. கடைசிப் பொருளை நான் போட்டதும் திரையில் சரியாக ஆயிரம் வந்தது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். கூப்பனையும் ஒன்பது நூறு ரூபாய் நோட்டுகளையும் வைத்தார்.

"மேல்னு போட்டிருக்குங்கம்மா. ஆயிரத்தி ஒண்ணாவது வரணும்," என்றேன். "ஒரு ரூபாய் சாக்லேட் ஒண்ணு சேர்த்துக்கோங்க."

"அப்போ தொள்ளாயிரத்தி ஒண்ணு ஆகும். அந்த ஒரு ரூபா இருந்தா நான் ஏம்மா இவ்வளவு கூட்டறேன்? பஸ் ஃப்ரீன்னு சில்லறைகூட எடுக்காம வந்தேன்."

என் பையிலிருந்து ஒரு ரூபாய் போட எனக்கு அனுமதி இல்லை. கவுண்டரில் நிற்பவர் சொந்தக் காசைத் தொடக் கூடாது. பின்னால் நின்றவர் ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டினார். அந்த அம்மா கையைக்கூட நீட்டவில்லை. "நான் பிச்சை கேக்கலைங்க, கூப்பன் குடுக்கறேன்," என்றார். கூப்பனைத் திருப்பி, கன்னடப் பக்கத்தில் விரல் வைத்தார். "நோடம்மா, 'சாவிர மத்து அதக்கிந்த ஹெச்சு'. மத்துன்னா மற்றும். ஆயிரம், மற்றும் அதுக்கு மேல. நான் கன்னட மீடியம் படிச்சவ."

எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. மிஷினில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தப்பாக வைத்தால் ரத்து செய்ய மேனேஜர் சாவியோடு வர வேண்டும், அதுவும் என் கணக்கில் ஏறும். ஷோபா அன்று லீவு. மூன்றாவது புகார் கண்ணுக்கு முன்னால் நின்றது. "எங்களுக்குத் தமிழ்ப் பக்கம்தான் ரூல்," என்று சொல்லிவிட்டேன். அப்படி ஒரு ரூல் கிடையாது. அந்த நிமிடத்தில் நானே செய்தது.

அவர் சத்தம் போடவில்லை. நூறு ரூபாய்க்கு எதைக் குறைப்பது என்று கொஞ்ச நேரம் பார்த்தார். நெய் பாட்டிலையும் முந்திரி பாக்கெட்டையும் எடுத்து ஓரமாக வைத்தார். நோட்டுப் பக்கமே போகவில்லை. "படிச்ச பொண்ணாட்டம் இருக்கேன்னுதான் உன் லைன்ல நின்னேன். நீ ஒரு பக்கந்தான் படிச்சிருக்கே."

மூன்றாவது புகார்

எங்கள் வீட்டுக்கு வரும் எல்லாப் படிவத்தையும் பத்து வயதிலிருந்து நான்தான் படித்து நிரப்புகிறேன். ரேஷன் கார்டு, பயிர்க் கடன், தம்பியின் ஹாஸ்டல். அதனால்தானோ என்னவோ அன்றிரவு அந்தக் கூப்பனில் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஷோபாவிடம் கூப்பனைக் காட்டினேன். அவள் கன்னடப் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாண்டி, ஆயிரத்துக்கே உண்டு," என்றாள்.

மேனேஜரிடம் போனேன். "அவங்க புகார் எழுதலை இல்ல? விட்டுடு. ஹெட் ஆபீஸ்ல மெதுவா கேக்கலாம்," என்றார். நல்லவர்தான், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு விட முடியவில்லை. நோட்டை எடுத்து நானே எழுதினேன்: கவுண்டர் மூன்று, கூப்பனின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது. கீழே என் கையெழுத்து. மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, திருடனே வந்து எஃப்ஐஆர் எழுதினா ஸ்டேஷன்ல நாங்க எதுக்கு?"

சரிபார்த்தது

கூப்பனின் கடைசி நாள் எனக்கு வார லீவு. வீட்டுச் சாமான் வாங்க நானே கடைக்குப் போனேன். சரியாக ஆயிரத்துக்கு வாங்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். முதல் கூட்டலில் தொள்ளாயிரத்து எண்பத்தி ஏழு. ஒரு சோப்பை மாற்றினால் ஆயிரத்து நாலு. கடுகை எடுத்து சீரகம், சீரகத்தை வைத்துவிட்டு மிளகு. கணிதம் படித்தவள் நான், முக்கால் மணி நேரம் ஆனது. ஷோபாவின் கவுண்டரில் ஆயிரம் ரூபாய் பூஜ்யம் பைசாவுக்குக் கூப்பனை வைத்தோம். மிஷின் சின்னச் சத்தம்கூடப் போடாமல் தொள்ளாயிரம் என்று காட்டியது.

மூன்றாவது புகாரை எழுதியவளும் நானே என்பதால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் என் டிரையலை இன்னும் ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்கள், அந்த ஆணையின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டேன், காலியாக இருக்கிறது.