ஒரே ஒரு கருப்புக் கட்டை

மாலை நான்கு பத்துக்குத் திண்டுக்கல் சந்திப்பில் ரயில் வந்து நின்றது. என் மகள் இறங்கவில்லை. போன் அணைந்திருந்தது. ரயில் போன பிறகும் நடைமேடையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

பெஞ்சில் ஒருவர் சின்னப் பலகையில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார். ஒவ்வொரு கட்டையையும் வைத்ததும் எழுந்து, பலகைக்கு நேர் மேலே குனிந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“செத்த நேரம் உக்காருங்க சார். கருப்பு உங்களுக்கு, செவப்பு எனக்கு. ஆளுக்கொரு கட்டையா வைக்கணும். எதிராளி கட்டை மேலயும் ஏத்தலாம். கடைசியில மேலேருந்து பாத்தா எந்த நெறம் அதிகமாத் தெரியுதோ, அவுகதான் ஜெயிச்சாக.”

“எம் பொண்ணக் காணோம்ங்க. வெளையாடுற நேரமா இது?”

“அதுக்குத்தான் சொல்றேன். வைங்க.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கருப்புக் கட்டையை எடுத்து வைத்தேன். நான் வைக்க வைக்க, என் கட்டைகளை அவர் மூடிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு கருப்பு மிஞ்சியது. அதையும் மூடப் போனவர், சட்டென்று தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தார்.

“இது இருக்கட்டும். பாத்துட்டாக.”

“யாரு?”

கட்டைகளை வாரிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

மதுரைப் பக்கமிருந்து வந்த அடுத்த ரயிலில் மகள் இறங்கினாள். தூங்கிப்போய் அடுத்த நிறுத்தமான கொடைரோடு வரை போய்விட்டாளாம். போனில் சார்ஜ் இல்லையாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“ஒரு கெட்ட கனவுப்பா,” என்றாள். “உச்சியிலேருந்து கீழ பாக்குறேன், எல்லாம் செவப்பா இருக்கு. நடுவுல கருப்பா ஒண்ணே ஒண்ணு. அது மறையிறதுக்குள்ள முழிச்சுக்கிட்டேன்.”