கப்பலுக்குப் பழகிய பூனை

"தம்பி வரலைன்னா நானும் வரல," என்று என் மகள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி என்று அவள் சொன்னது எங்கள் பூனையை. ஜப்பான்காரர்கள் வந்த சமயத்தில் பிறந்தவள் அவள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அவள் தவழத் தொடங்கிய நாட்களில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்கதவு வழியாக ஒரு மஞ்சள் பூனை வந்தது. மலாயாப் பூனைகளுக்கு இருக்குமே, நுனி மடங்கிய குட்டை வால், அது இதற்கும் இருந்தது. பங்கீட்டில் கிடைத்த கொஞ்ச அரிசியை எலியிடமிருந்து காப்பாற்றிக் கொடுத்தது இந்தப் பூனைதான். ஆனாலும் அதற்கு நாங்கள் போட்டது மரவள்ளிக்கிழங்கு. முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்னும். நாங்களும் அப்படித்தான் தின்றோம்.

போர் முடிந்த அந்த வருடக் கடைசியில், மதராசுக்குப் போகும் கப்பலில் எங்களுக்கு இடம் கிடைத்தது. திருச்சியில் என் கணவருக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாக என் அண்ணன் எழுதியிருந்தார். எல்லோரும் நல்ல செய்தி என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அன்றிலிருந்தே பூனையைப் பற்றிய கவலையும் தொடங்கிவிட்டது.

கப்பல் ஆபீசில் என் கணவர் விசாரித்தார். "பூனையா? ஏணிகிட்ட சாரங்கு நிப்பார், அவரைக் கேளுங்க. அவர் விட்டா விடுவார்," என்றார்களாம்.

ஆக, துறைமுகம் போய்ச் சேரும்வரை எதுவும் நிச்சயமில்லை. கப்பலாட்களுக்குத் தலைவரான அந்தச் சாரங்கு மறுத்துவிட்டால் அங்கேயே பூனையை விட்டுவிட்டுக் கப்பல் ஏற முடியுமா? ஏறினால் மகளை யார் சமாதானம் செய்வது? பேசாமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிடலாமா என்று காலையில் நினைப்பேன். மாலையில் அது என் காலைச் சுற்றி வரும்போது, கொண்டுபோவது என்று முடிவு செய்வேன். மறுநாள் காலையில் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

அக்கா என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினார். "ஏன்டி, படிச்சவதானே நீ? பூனை குறுக்க போனாலே ஆகாது. அதைக் கையிலயே தூக்கிக்கிட்டுக் கடல் தாண்டப் போறியா?"

"குறுக்க போகாதுக்கா, கூடவே வரும்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொண்டுபோவதானால் ஒழுங்காகக் கொண்டுபோக வேண்டும். பாசாரில் மூடிபோட்ட பிரம்புக் கூடை ஒன்று வாங்கினேன். அடியில் என் பழைய சேலையை விரித்து, நெத்திலிக் கருவாடு ஒன்றைப் போட்டுப் பூனையை உள்ளே பழக்கினேன். அதற்கு மூச்சு முட்டுமோ என்று மூடியில் ஓட்டைகளைப் பெரிதாக்கினேன். பிறகு தலையை வெளியே நீட்டுமோ என்று கயிறு வைத்துச் சிறிதாக்கினேன்.

அப்புறம் அலை ஞாபகம் வந்தது. கப்பல் ஆடுமே! கூடத்து உத்தரத்தில் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி அப்படியே இருந்தது. அதில் சேலையைக் கட்டி, கூடையை வைத்து, பூனையை உள்ளே விட்டு ஆட்டினேன். கொக்கி கீச் கீச் என்றது. முதல் நாள் பூனை மிரண்டு குதித்தோடியது. பிறகு மெல்ல மெல்லப் பிடித்துப்போய்விட்டது. கொக்கிச் சத்தம் கேட்டாலே எங்கிருந்தாலும் ஓடி வந்து ஏறிக்கொள்ளும்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா, பூனைக்குத் தாலாட்டா?"

"கப்பலுக்குப் பழக்குறேங்க."

"அப்ப தண்ணியும் தெளிச்சு விடு. கடல்னா நனையணும்ல?"

மகள் சொம்பை எடுக்க ஓடினாள். அவளைத் தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

புறப்படும் நாள் வந்தது. ரயில் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று ரயில்வேக்காரரான என் கணவருக்கே தெரியாத காலம் அது. அதனால் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போக ஒரு லோரி பேசியிருந்தோம். பெட்டிகளெல்லாம் ஏறிவிட்டன. பூனையைக் கூடையில் வைத்து, மூடியை மூடி, கயிற்றைக் கட்டப் போனேன். அந்த நேரம் பார்த்து லோரிக்காரர் ஹாரனை அழுத்தினார்.

பூனை மூடியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது. வாசலைத் தாண்டி, லோரிக்கு நேர் முன்னால் குறுக்கே ஓடி, எதிர் வீட்டு வேலிக்குள் மறைந்துவிட்டது.

"தம்பீ!" என்று மகள் அலறினாள்.

லோரிக்காரரோ அவசரக்காரர், வந்ததிலிருந்து "நேரமாச்சு, நேரமாச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தவர். பூனையைத் தேட நேரம் தருவாரா? கெஞ்சிக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"பூனை குறுக்க போயிருச்சு. இனி இந்த வண்டி நகராது. எல்லாரும் உள்ள போங்க. உக்காந்து, தண்ணி குடிச்சு, சாவகாசமா வாங்க."

"நேரமாச்சுன்னீங்களே அண்ணே?" என்றார் என் கணவர்.

"நேரம் கிடக்கு ஐயா. கிள்ளான் ரோடு எப்படிப்பட்ட ரோடுன்னு எனக்குத் தெரியும். உள்ள போங்கலா!"

சகுனத்தையெல்லாம் கேலி செய்யும் என் கணவர் அன்று மட்டும் முதல் ஆளாக உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பாத்திரங்கள் எல்லாம் லோரியில் இருந்ததால் அக்காதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "நான் அப்பவே சொன்னேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மெதுவா குடி. மெதுவா," என்று கண்ணைக் காட்டினார்.

காலி வீட்டில் அந்தக் கொக்கி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மகள்தான் அதைக் காட்டினாள். கூடையிலிருந்த சேலையை உருவிக் கொக்கியில் கட்டி, கூடையை வைத்து ஆட்டினேன். கீச் கீச். என் கணவர் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பின்கதவு வழியாக, முதன்முதலில் வந்ததைப் போலவே, வந்தது பூனை. ஒரே தாவலில் கூடைக்குள் ஏறிச் சுருண்டுகொண்டது. இந்தத் தடவை கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டேன்.

லோரியில் கூடையை மடியில் வைத்துக்கொண்டேன். "அதுல என்னம்மா?" என்றார் லோரிக்காரர்.

"கருவாடு," என்றேன். பொய்யில்லை, உள்ளே கருவாடும் இருந்தது. அவரும் மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கிள்ளான் பாலம்வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பாலத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. மடியிலிருந்து "மியாவ்" என்று சத்தம்.

லோரிக்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, கருவாடு கத்துது."

நான் கூடையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "இறக்கி விட்டுடாதீங்கண்ணே..."

"அதே மஞ்சப் பூனையா?"

"ஆமாண்ணே."

சற்று யோசித்தார். "குறுக்க போனாத்தான் சகுனம். வண்டிக்குள்ள உக்காந்து வந்தா அதுவும் பசஞ்சர்தான்," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஓட்டினார்.

மீதி இருந்தது சாரங்கு. கப்பல் ஏணி அருகே பெரிய மீசையோடு நின்றிருந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்து மரைக்காயர் என்று பேச்சில் தெரிந்தது. அவரிடம் சொல்வதற்கு நான் வழியெல்லாம் வாசகங்களை அடுக்கி வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுக் கூடையை நீட்டினேன். அவர் ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். உள்ளே இருந்ததும் அவரைப் பார்த்தது.

"எலி புடிக்குமா?"

எனக்கு முன்னால் மகள் சொன்னாள்: "தம்பி இவ்ளோ பெரிய எலி புடிப்பான்!" இரண்டு கையையும் அகல விரித்தாள். அவ்வளவு பெரிய எலி மலாயாவில் கிடையாது.

"எங்க கப்பல்ல அந்த அளவுதான் இருக்கு பாப்பா," என்றார் சாரங்கு. "அப்ப முதல்ல தம்பியை ஏத்துங்க. அப்புறம் அத்தாவும் அம்மாவும் ஏறட்டும்."

மறுநாள் கடல் ஆடத் தொடங்கியது. நானும் கணவரும் மேல்தளத்தில் மூட்டையில் தலைசாய்த்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மகளுக்கும் வாந்தி. பூனை மட்டும் கூடைக்குள் சுருண்டு, ஒவ்வொரு அலைக்கும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

"அந்தத் தொட்டில்ல என்னையும் போட்டு ஆட்டியிருக்கலாம்ல?" என்றார்.