கோவிந்தப்பாவின் பட்டியல்

பட்டைத் தூரிகையை வாளித் தண்ணீரில் தோய்த்து, வாசல் சிமெண்டில் சீன எழுத்து எழுதிக்கொண்டிருக்கிறார் கோவிந்தப்பா. இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி காய்ந்துவிடுகிறது. பெங்களூர் ஜோகுபாளையத்தில் போர்டு எழுதிப் பிழைக்கிறவர். தினமும் காலையில் அரை மணி நேரம் இந்த வேலை.

புத்த விகாரையில் பிக்கு ஒருவர் கொடுத்த அச்சுத்தாள்தான் மாதிரி. ஓர் எழுத்துக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. எழுதியவரின் கதை மட்டும் தெரியும்.

"யான் சென்சிங்னு சைனாக்காரரு. ஆயிரத்து எரநூறு வருசம் முன்னாடி மந்திரி. கையெழுத்துல அவர அடிச்சிக்க ஆளில்ல. கலகக்காரன்கிட்ட சமாதானம் பேச ராஜா அனுப்ச்சாரு. அவன் 'எங்கூட சேந்துக்கோ'ன்னான். மாட்டேன்னாரு. கொன்னுட்டான்."

தெரு அவரை நம்பவில்லை. நானும்தான். எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுகிறார், கன்னடத்திலும் தமிழிலும். கன்னடர்-தமிழர் சமாதானக் கமிட்டியில் இருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். இந்த ஆளை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

போன டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது சந்தேகம் முற்றியது. போலீஸ் பந்தோபஸ்துக்கு என்று சொல்லி, தெருவில் எவையெவை தமிழர் வீடுகள் எனக் கன்னடத்தில் பட்டியல் எழுதினார். பேர், கதவு எண், எல்லாம் முத்து முத்தாக. பக்கத்து வீட்டுப் பூக்காரி லட்சுமம்மா அதைப் பிடுங்கி, கூடியிருந்த எங்கள் முன்னால் படித்தாள்.

"எங்க எல்லார் பேரும் கீது. நீயுந்தான் தமிழன், உம் பேரு எங்க கோவிந்தப்பா? இது வேற யார் கையிலயாவது சிக்கிச்சின்னா எங்க வூடு எரியும், உன் வூடு மட்டும் நிக்குமா?"



"கொண்டு போறவன் நாந்தானேக்கா. என் பேரு எதுக்குன்னு வுட்டேன்." பட்டியலை வாங்கி எங்கள் பக்கம் நீட்டினார். "நம்பிக்க இல்லன்னா நீங்களே ஸ்டேஷன்ல குடுத்துட்டு வாங்க."

ஸ்டேஷனுக்குப் போகிற மெயின் ரோட்டில் டயர் எரியும் புகை தெரிந்தது. யாரும் கை நீட்டவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

கோவிந்தப்பா தாளைச் சுவரில் வைத்து, எல்லாப் பேருக்கும் மேலே தன் பேரையும் கதவு எண்ணையும் எழுதினார், மற்றவற்றைவிடப் பெரிதாக. ஈரம் காய ஊதினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புகை வந்த பக்கம் நடந்தார்.