வாசல் வெளிச்சம் வாடகைக்கு இல்லை

திருப்பரங்குன்றத்தில் பேருந்திலிருந்து இறங்கி உள்ளே திரும்பும் கடைத்தெரு ஒன்றில் நான் மேட்சிங் கடை வைத்திருக்கிறேன். சேலையோடு வரும் பெண்ணுக்கு அதே நிறத்தில் ரவிக்கைத் துணியும், லைனிங்கும், உள்பாவாடையும் எடுத்துக் கொடுப்பது தொழில். கேட்பதற்குச் சுலபம். கடைக்குள் குழல்விளக்கின் கீழ் நாலைந்து துணியை விரித்துப் போட்டால் ஏதாவது ஒன்று பொருந்துவது போலத் தெரியும். அங்கே வைத்து முடிவு செய்யக் கூடாது. முந்தானையையும் துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வர வேண்டும். குழல்விளக்கு பொய் சொல்லும். உச்சிவெயிலும் பொய் சொல்லும், அது நிறத்தை வெளுத்துக் காட்டும். நிழலில் நின்று, வானத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்தால்தான் மயில்கழுத்து நிறத்துக்கும் ஆனந்தா நீலத்துக்கும் உள்ள தூரம் தெரியும்.

கடை வடக்குப் பார்த்தது. ஆனி மாதத்தில் மட்டும் மதியத்தில் வெயில் படிவரை எட்டிப் பார்க்கும். அப்போது கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்வோம். மற்ற மாதங்களில் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். கட்டட உரிமையாளர் அதைக் குபேர திசை என்று சொல்லி ஆரம்பத்திலேயே வாடகையை ஏற்றினார். குபேரன் இதுவரை வந்ததில்லை. வெளிச்சம் தவறாமல் வந்தது.

எங்கள் தெருவில் எந்தக் கடை எந்த மாதம் மூடியது என்று என்னைக் கேட்டால் சொல்ல முடியும். கேசட் கடை ஒரு மாசியில் போனது. கைக்கடிகாரக் கடை சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம். அழகர் வருவதற்குள் பலகையைக் கழற்றிவிட்டார்கள். என் பக்கத்துக் கடையில் பள்ளிப் பைகளும் தகரப் பெட்டிகளும் விற்றார்கள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்த ஆண்டில், வியாபாரம் திரும்பும் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் மூடினார்கள். இவற்றையெல்லாம் இணையம் கொன்றது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்கள் தெருவில் நின்று விசாரிப்பதில்லை. கேசட் கடையைக் கொன்றது இணையம்தான், ஒப்புக்கொள்கிறேன். கடிகாரக் கடையைக் கொன்றது அண்ணன் தம்பி வழக்கு. பள்ளிப்பைக் கடையைக் கொன்றது வாடகை. பழைய நகரங்களின் வணிக வீதிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். ஒரு கடை எதனால் செத்தது என்பதைச் சரியாக எழுதாமல் எல்லாவற்றுக்கும் ஒரே ஒப்பாரி வைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். கடை இன்னும் திறந்திருக்கும்போதே ஒப்பாரி வைப்பவர்கள்மேல் அதைவிட அதிகமாக வரும்.

பள்ளிப்பைக் கடை இருந்த இடத்துக்கு, அடுத்த பங்குனியில், பார்சல் ஆபீஸ் வந்தது. இணையத்தில் வாங்கும் பொருட்களை வேனில் கொண்டுவந்து இறக்கி, பிரித்து, இருசக்கர வண்டிகளில் சுற்றுவட்டாரம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சமயநல்லூரிலிருந்து தினமும் வரும் ஓர் இளைஞர் அதற்குப் பொறுப்பாளர். மரியாதையான மனிதர். எனக்கு அவர்களால் முதலில் லாபம்தான். இணையத்தில் வாங்கிய சேலைக்கு ரவிக்கைத் துணி சரியாக அமைவது அபூர்வம். பார்சலைப் பிரித்த கையோடு என் படியேறியவர்கள் உண்டு.

ஆடியில் ஒருநாள் காலை கடை திறக்க வந்தபோது தெரு நீலமாக இருந்தது. பார்சல் ஆபீஸின் முகப்பிலிருந்து என் முகப்பு வரைக்கும் சேர்த்து, தெருவை நோக்கி நீட்டி, நீல பிளாஸ்டிக் ஷீட்டில் கூரை போட்டிருந்தார்கள். அதன் கீழ் நின்று என் கையைப் பார்த்தேன். நீரில் மூழ்கிய கை மாதிரி இருந்தது.

கட்டட உரிமையாளர் எதிர் டீக்கடையில்தான் இருந்தார்.

"என்னண்ணே இது, நீலக் கொட்டாயப் போட்டு வச்சிருக்கீங்க?"

"மழ வருதுல்ல தங்கச்சி. பார்சலு நனையிதுன்னாங்க. ஒனக்கும் சேத்துத்தான போட்டிருக்கேன், காசா கேட்டேன்?"

"எனக்கு நெழலு வேணாம்ணே. வெளிச்சம் வேணும்."

"லைட்டப் போடு. பல்பு இன்னைக்கு என்ன வெல விக்கிது!"

டீயை முடித்துவிட்டு, அதுவரை சொல்லாததைச் சொன்னார். "வந்தது வந்துட்ட, சொல்லிர்றேன். அவுங்களுக்கு ஒன் கடையும் வேணும்ங்கிறாங்க. நடுச்செவுர எடுத்துட்டா விசாலமா இருக்கும். ஆவணி முடியிறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு. இப்ப எவ தங்கச்சி ரவிக்கைக்குக் கலர் பாத்துக்கிட்டு நிக்கிறா? எம் மருமக போன்ல அமுக்குனா ரெடிமேடா வீட்டுல வந்து விழுது."

"ஒங்க மருமக போன வாரம் எங்கடைக்கு வந்தாகண்ணே."

"எதுக்கு?"

"வந்து விழுந்ததுல கை ஏறலையாம்."

டீக்கடைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். உரிமையாளர் சிரிக்கவில்லை. ஷீட் அப்படியே இருந்தது.

சமாளித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே இரண்டு விளக்கு கூடுதலாகப் போட்டேன். அடர்ந்த நிறங்களில் ஓரளவு ஒப்பேறியது. அரக்கும் பாட்டில் பச்சையும் சின்ன வித்தியாசத்தை மன்னிக்கும். வெள்ளை மன்னிக்காது. எங்கள் சர்ச் சபைக் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சேலை, எனக்கும் வெள்ளைதான். அதனால் தெரியும்: பால்வெள்ளை, தந்தம், முத்து, மோர் என்று வெள்ளைக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரியும்.

கோச்சடையிலிருந்து ஓர் அம்மா, ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் என்று சேலையோடு வந்தார். இணையத்தில் வாங்கிய சேலை, நல்ல சேலை. வழக்கப்படி வாசலுக்கு வந்து, அந்த நீலத்தின் கீழேயே வைத்துப் பார்த்தோம். இருவருக்கும் திருப்தி. அந்த வாரமே அவர் திரும்பி வந்தார்.

"டெய்லரு கத்திரிய வைக்கலக்கா. சேல பாலு மாதிரி இருக்கு, துணி பல்லு மாதிரி இருக்குன்னுட்டான்."

பிரித்துப் பார்த்தேன். டெய்லர் சொன்னது சரி. நீலக் கூரை மஞ்சளை விழுங்கிவிட்டு இரண்டையும் ஒரே வெள்ளையாகக் காட்டியிருக்கிறது.

"இதுக்கு நான் ஆன்லைன்லயே எடுத்திருப்பேனே. அவன் கலர் மாறுனா வீட்டுக்கு வந்து திருப்பி வாங்கிட்டுப் போயிருவான். இங்க நான்தான பஸ்ஸு ஏறி அலையிறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது. நிறத்தைச் சரியாகச் சொல்வது ஒன்றுதான் என்னிடம் இருந்தது. விலையிலும் வசதியிலும் நான் அவர்களோடு போட்டி போட்டதே இல்லை. அதுவும் போனால் உரிமையாளர் கேட்பதற்கு முன்னால் நானே சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். வெள்ளை அடுக்கிலிருந்து ஐந்தாறு துணிகளை எடுத்துத் தோளில் போட்டேன். "சேலையப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லி, படியிறங்கி, ஷீட்டைத் தாண்டி, நடுத்தெருவில் போய் நின்றேன்.

"ரோட்டுலயாக்கா?" என்றார் அவர்.

"கல்யாணம் ஒரு தடவதான நடக்கப் போவுது? வாங்க."

நாங்கள் முந்தானையை விரித்த நேரத்தில் பார்சல் வண்டி ஒன்று கிளம்பி எங்கள் முன்னால் வந்து நின்றது. ஓட்டுகிறவர் ஹாரன் அடித்தார்.

"அக்கா, வண்டி போகணும்."

"போகும் தம்பி. நீங்களே சொல்லுங்க, இந்த ரெண்டும் ஒண்ணா?"

அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது லேசாப் பழுப்பா இருக்குக்கா."

"இது?"

"இது சேந்துக்கிருச்சு."

கோச்சடை அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒங்கிட்டயே கேட்டிருக்கலாம் போல" என்று அவரிடம் சொன்னார். வண்டிக்காரர், சேர்ந்தது என்று தான் சொன்ன துணியை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். கல்யாண ரவிக்கை அந்தத் துணியில்தான் தைக்கப்பட்டது.

அன்றிலிருந்து எல்லாப் பொருத்தமும் நடுத்தெருவில். வந்தவர்களில் சிலர் கூச்சப்பட்டார்கள். பெரும்பாலோர் இரண்டாவது நிமிடத்தில் மறந்துபோனார்கள்; நிறம் பார்க்கும் பெண்ணுக்குத் தெரு கண்ணில் படுவதில்லை. ஆட்டோக்காரர்கள்தான் விடவில்லை. "என்னக்கா, கொடியேத்தமா?" என்பார் ஒருவர். "சேல ஏலம் விடுறாங்கடா, மாப்ள" என்பார் அடுத்தவர். "ஒம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, ஏலத்துல சேத்துக்கிர்றேன்" என்றேன். மறுவாரம் நிஜமாகவே கூட்டிவந்தார், வாடாமல்லி நிறச் சேலையோடு.

பார்சல் வேன் ரிவர்ஸில்தான் ஆபீஸ் வாசலுக்கு வர முடியும். அதற்கு எங்கள் நடுத்தெரு வேண்டும். ஆவணி பிறந்து முகூர்த்தக் கூட்டம் தொடங்கியதும் பொறுப்பாளர் என்னிடம் வந்தார்.

"மேடம், நீங்க உள்ள வச்சுப் பாக்கலாமே. வேன் நிக்குது, லேட்டாகுதுங்க."

"என்னய ரோட்டுக்குத் தள்ளுனது அந்தக் கூரைதான தம்பி. நான் உள்ள போகணும்னா அது போகணும்."

"அது ஓனர் போட்டதுங்க."

"அப்ப ஓனர்ட்டச் சொல்லுங்க. நான் சொன்னா லைட்டப் போடுங்கிறாரு."

முதல் பெரிய முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம், ஒரு நாள் காலை. விக்கிரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாம்பழ நிறத்தில் சேலை கட்டுவதாக ஏற்பாடு. இணையத்தில் மொத்தமாக வாங்கியிருந்தார்கள். தெருவில் விரித்துப் பார்த்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது, பாதிச் சேலை மல்கோவா, பாதிச் சேலை கிளிமூக்கு. ஆளுக்கொரு துணியைப் பிடித்து, நிறவாரியாகப் பிரிந்து, தெருவின் குறுக்கே நின்றோம். அத்தைமார் ஒரு பக்கம், கொழுந்திமார் ஒரு பக்கம்.

வேன் வந்தது. ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

"எங்கிட்டுப் போகணும் ஒனக்கு?" என்று ஓர் அத்தை ஓட்டுநரிடம் கேட்டார். "அங்கிட்டுச் சுத்திப் போ. இங்க கலர் பாத்துக்கிட்டு இருக்கோம்ல."

"சுத்திப் போறதுக்கு வழியில்லம்மா."

"அப்ப வண்டிய அமத்து. சத்தத்துல கண்ணு தெரியல."

பொறுப்பாளர் போன் செய்து உரிமையாளரை வரவழைத்தார். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, மஞ்சளாக நிறைந்திருந்த தெருவைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, ரோடு ஒங்க அப்பன் வீட்டுதா?"

"ரோடு எல்லாருக்கும்ணே. எனக்குன்னு இருந்த வாசலத்தான் நீங்க மூடிட்டீங்களே."

அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். பொறுப்பாளர் குறுக்கிட்டார்.

"சார், அந்த ஷீட்ட அவுங்க பக்கம் வெட்டி விட்ருங்க. வேன் உள்ள வரணும். தினம் இப்பிடி நின்னா என் வேலை போயிரும்."

"வெட்டுனா தண்ணி ஒழுகும்யா. நீங்கதான கூர கேட்டீங்க?"

"ஒழுகட்டும் சார். எங்க பக்கம் மட்டும் இருந்தாப் போதும். பெரிய எடம் கேட்டது எங்க மேலாபீஸு. இந்தச் சின்ன எடத்துல மொத வேன் நுழையட்டும்."

உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாடகை கூட்டித் தருகிறவர் சொல்லும்போது கேட்டுத்தான் ஆக வேண்டும். பதினோரு மணி வாக்கில் வெல்டிங் பட்டறையிலிருந்து ஓர் ஆள் ஏணியோடு வந்தார். இரண்டு கடைக்கும் நடுவிலிருக்கும் தூணுக்கு நேராக ஷீட்டை அறுத்தார். என் பக்கத்துத் துண்டு விழுந்ததும் கல்யாண வீட்டார் துணிகளைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். மாம்பழ நிறம் அங்கேயும் அதே நிறமாகத்தான் இருந்தது. வேன் ரிவர்ஸில் உள்ளே போனது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை. ரெடிமேட் ரவிக்கை வந்தபின் வியாபாரம் குறைந்திருக்கிறது. உள்பாவாடை அடுக்கு முன்போல நகர்வதில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வீடியோ காலில் நிறம் காட்டும் தாய்மார்களிடம், அந்தத் திரை நிறம் சொல்லாது என்று தொண்டை வறளப் பேச வேண்டியிருக்கிறது. பார்சல்கள் இன்னும் பெருகும். பெருகட்டும். அவர்கள் கொண்டுவந்து கொடுப்பது சேலை. அது என்ன நிறம் என்று சொல்ல ஆள் வேண்டும், நிற்க ஒரு வாசல் வேண்டும். இரண்டும் இங்கே இருக்கின்றன.

ஏணிக்காரருக்குக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு உரிமையாளர் என் படியருகே வந்தார். கல்யாண வீட்டார் உள்ளே லைனிங் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, கூர போச்சு. எப்பத்தான் காலி பண்ணுவ? ஒரு மாசத்தச் சொல்லு."

"ஆவணி முகூர்த்த மாசம்ணே, இப்ப முடியாது. புரட்டாசியில ஒங்க ஆளுக பாலு காய்ச்ச மாட்டாங்க. ஐப்பசி தீவாளி. கார்த்திகையில மறுபடி முகூர்த்தம். மார்கழியில எங்களுக்குக் கிறிஸ்துமஸு, ஒங்களுக்குக் குடி மாறக் கூடாது."

அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

"தையில பொங்கலும் கல்யாணமும். மாசியில எல்லாரும் கொலசாமி கும்பிடப் போவாங்க, புதுச்சேல எடுப்பாங்க. பங்குனியில நம்ம முருகனுக்கே கல்யாணம்."

வண்டியைக் கிளப்பிவிட்டார். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் அவர் முதுகுக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது. தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.