"மூடி வெச்சிட்டுப் போங்கக்கா"

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வியாழக்கிழமை அது. சேலத்தில் ஓர் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் இதயத்தைப் பரிசோதித்து, கோளாறு இருந்தால் இலவசமாக ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்வோம். வெளியூர்களில் சுற்றும் நர்ஸுகள் மாதம் ஒருமுறைதான் ஆபீஸுக்கு வருவார்கள். அதனால் தினமும் மதியம் ஒரு மணிக்கு, அவர்கள் லேப்டாப்பில் இருப்பதெல்லாம் இருந்த இடத்திலிருந்தே ஆபீஸுக்கு நகலாகி வரும்படி செய்து வைத்திருந்தேன்.

எடப்பாடிப் பக்கம் பார்த்துக்கொண்ட நர்ஸ் அக்கா, அந்த நேரத்தில் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிடுகிறது என்று ஒருநாள் போனில் சொன்னார். நான் வேறு வேலையில் மூழ்கியிருந்தேன். "மூடி வெச்சிட்டுச் சாப்பிடப் போங்கக்கா, அதுபாட்டுக்குப் போகும்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை அவர் நொண்டிக்கொண்டே ஆபீஸுக்குள் வந்தார். வழியில் ஸ்கூட்டர் சறுக்கி, பை ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த லாரி அதன்மேல் ஏறிவிட்டதாம். லேப்டாப் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. ஆனாலும் அவர் பதறவில்லை. எல்லாம்தான் ஆபீஸில் இருக்கிறதே என்ற தைரியம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவருடைய நகலைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த நகல் இருபத்துமூன்று நாள் பழையது.

தினமும் போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "போனைப் பக்கத்துலயே வெச்சிட்டுத்தானுங்க சாப்பிடப் போவேன். நீங்க சொன்ன மாதிரியே ஒரு மணியானா மூடிப்போடுவனுங்க மேடம்" என்றார்.

மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். தூங்கினால் எதுவும் நகலாகாது. மூடினாலும் ஓடும்படி அதில் மாற்றி வைத்திருக்க வேண்டியவள் நான். வாராவாரம் நான் பார்க்கும் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி இருந்தது. லேப்டாப் அன்று இணைப்புக்கு வந்தது என்பதற்குத்தான் அந்தப் புள்ளி. நகல் முடிந்ததா என்று உள்ளே போய் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த இருபத்துமூன்று நாளில் ஆறு பள்ளிகள் முடிந்திருந்தன. கோளாறுள்ள பிள்ளைகளைச் சர்ஜனிடம் காட்ட அழைத்து வரச்சொல்லிப் பெற்றோருக்குக் கடிதம் அன்றுதான் அச்சாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து வரும் சர்ஜன் சனிக்கிழமை நான்கு மணி வரைதான் இருப்பார். பரிசோதித்த டாக்டருக்குப் போன் போட்டோம். ஒன்பது பிள்ளைகளுக்குக் கோளாறு, அதில் ஒரு பெண் குழந்தையைத் தள்ளிப்போடவே கூடாது என்றார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவருக்கு ஒரு பெயரும் ஞாபகமில்லை. விவரமெல்லாம் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது.

அக்காவை மேலாளர் நிற்கவைத்துத் திட்டினார். "வண்டிய நாந்தானுங்க பாத்து ஓட்டியிருக்கோணும்" என்று அவர் தலைகுனிந்தார். முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. பிறகு, தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிவிட்டேன். மேலாளர் என்னைப் பார்த்த பார்வையைவிட, அக்கா நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்ததுதான் என்னை அதிகம் சுட்டது.

"பேரு மறந்திருக்கும், முகம் மறக்காதுங்க. நிக்க வெச்சாக் கண்டுபுடிச்சிருவேன்" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆபீஸ் காரில் கிளம்பினோம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அக்கா நொண்டியபடியே வரிசையாகப் பார்த்து வருவார். சட்டென்று ஒரு பிள்ளையின் தோளில் கை வைப்பார். நான் பெயரையும் பெற்றோரின் போன் நம்பரையும் எழுதிக்கொள்வேன். சாயங்காலத்துக்குள் எட்டுப் பேர் கிடைத்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டோம். கிடைக்காதது அந்தப் பெண் குழந்தை மட்டும்தான். பரிசோதனை முடியும்வரை அக்காவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்த பிள்ளை என்று அவர் சொன்னதும், அன்று கூட நின்ற ஒரு டீச்சருக்கு அடையாளம் தெரிந்தது. போன வாரம்தான் குடும்பத்தோடு தறி ஓட்டக் குமாரபாளையம் போய்விட்டார்களாம். அவர்கள் நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

சனிக்கிழமை காலையிலிருந்து குமாரபாளையத்தில் தறிப்பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். தறிச் சத்தத்தில் காதோரம் கத்தித்தான் விசாரிக்க முடிந்தது. எடப்பாடிப் பக்கமிருந்து புதிதாக வந்த குடும்பம் என்றால், அங்கே எத்தனையோ குடும்பங்கள். பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது. இரண்டு மணிக்கு மேல், ஒரு லைன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் பின்னாலிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். அக்கா என் கையை இறுகப் பிடித்தார்.

விஷயத்தைக் கேட்ட அந்தத் தாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பயப்படாதீங்க சாமி. பெரிய டாக்டரு வந்திருக்காரு, ஒருக்கா காட்டிப்போட்டு வந்துரலாம்" என்று அக்கா அவரைத் தூக்கி நிறுத்தினார். ஈரக்கையோடே காரில் ஏறினார் அந்தப் பெண்.

சேலம் வந்து சேர்ந்தபோது நான்கடிக்க ஐந்து நிமிஷம். சர்ஜனின் பெட்டி காரில் ஏறியிருந்தது. சிறுமியைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்காமல் திரும்பி உள்ளே நடந்தார். அடுத்த மாதமே ஆபரேஷன் நடந்தது. இப்போது அவள் எட்டாவது படிக்கிறாள்.

இன்று நான் பச்சைப் புள்ளியை நம்புவதில்லை. மாதம் ஒருமுறை, வெளியூர் லேப்டாப் ஒவ்வொன்றின் நகலிலிருந்தும் ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்குரியவரிடமே படித்துக்காட்டிச் சரிபார்க்கிறேன். அன்று அக்கா நான் சொன்னதைக் கேட்காமல் போகவில்லை, ஒருநாள் தவறாமல் கேட்டார். என் பேச்சை அப்படி நம்பி நடக்கும் ஒருவரிடம் பாதிக் கவனத்தோடு பதில் சொல்ல எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது, அந்தப் பயம் போகாமல் இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.