மல்வேர்னில் காய்ச்சிய பால்

நாங்கள் நகரத்தின் ஓரத்திலிருந்த மல்வேர்னுக்குக் குடிபோன அந்தத் தை மாதம் எங்கள் தெருவில் பதினொரு வீடுகள் எழும்பியிருந்தன. ஆட்கள் வரப்போன வீடு எங்களுடையது ஒன்றுதான். மற்ற வீடுகளின் யன்னல்களுக்குக் கண்ணாடி போடாமல் பிளாஸ்ரிக் தாள் அடித்திருந்தார்கள். காற்று வந்தால் தெரு முழுவதும் அவை படபடவென்று அடித்துக்கொள்ளும். தெருவுக்கு அப்பால் வெட்டாமல் விட்ட சோளத் தட்டைகள் பனிக்குள் நின்றன.

அதற்கு முன்னர் நான்கு வருடங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அடுக்குமாடியின் பதினேழாம் மாடியில் இருந்தோம். அரசாங்கம் வீடு விற்க நடத்திய குலுக்கலில் இந்த வீடு விழுந்ததும் என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. காணியைப் பார்க்கப் போனவர் சப்பாத்து நிறையச் சேற்றுடன் வந்து, அதைக் கழுவ என்னை விடவில்லை. எங்கட மண்ணாம். நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் வேறு எடுத்துவந்தார். அமெரிக்காவில் மேற்கே வண்டில் கட்டிக்கொண்டு போய், காடு வெட்டி, நிலம் பிடித்துக் குடியேறிய குடும்பங்களின் கதை அது.

"நாங்களும் உவையளைப் போலத்தான்" என்றார்.

"உவையளுக்கு என்ன நடந்தது?"

"முதல் மாரியிலயே கனபேர் செத்துப்போச்சினம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பால் காய்ச்சிக் குடிபூரல் முடியும்வரை அந்தப் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன்.

மகளுக்கு அப்போது ஐந்து மாதம். அவளுக்கு முன்னால் இரண்டு தங்காமல் போயின. அதனால் அவள் விஷயத்தில் ஒரு சாங்கியத்தையும் நான் விட்டதில்லை. ஊரிலிருந்து பெரியம்மா பஞ்சாங்கம் பார்த்து எழுதிய நாள் ஒரு சனிக்கிழமை. வீட்டுக்குக் காஸ் இணைப்புக் கொடுக்க வருபவர்களோ திங்கட்கிழமைதான் வருவோம் என்றார்கள். அதுவரை வீட்டில் சூடு இல்லை, அடுப்பும் இல்லை.

"ஒரு கிழமை பொறுப்பம். சூடு வரட்டும்" என்றார் அவர்.

"இந்த நாளை விட்டால் சித்திரைக்குப் பிறகுதான். நான் விடமாட்டன்."

நான் பிடித்தால் பிடிதான். அவருக்கு அது தெரியும். யன்னல் ஓரங்களை எல்லாம் ரேப்பால் சுற்றிச்சுற்றி ஒட்டினார். புத்தகத்துக் குடும்பங்கள் சுவரின் வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்தார்களாம். ஒட்டி முடித்துவிட்டு, "இனி ஒரு சொட்டுக் காத்தும் உள்ளுக்கு வராது" என்று பெருமைப்பட்டார்.

பால் நெருப்பில்தான் பொங்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கோடையில் பூங்காவில் இறைச்சி சுட்டபோது மிஞ்சிய கரிப்பை ஒன்று இருந்தது. அதை நான் தூக்கியதும் அவர் பையைத் திருப்பி வாசித்தார்.

"வீட்டுக்குள்ள எரிக்கக் கூடாதெண்டு இதில போட்டிருக்கு."

"அது வெள்ளைக்காரருக்கு. நாங்கள் பிறந்ததிலயிருந்து அடுப்படிக்குள்ள கிடந்தனாங்கள், எங்களுக்கு என்ன வந்தது?"

ஊர் அடுப்படிக்குப் புகைக்கூடு இருந்தது, கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

சனி காலை முன் அறையில், இரும்புத் தாச்சிச் சட்டியில் கரியை மூட்டி, கட்டட வேலைக்காரர் விட்டுப்போன மூன்று கற்களை வைத்து, பானையை ஏற்றினேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் மகளைத் தூக்கிக்கொண்டு வெறும் அறைகள் ஒவ்வொன்றாகச் சுற்றிக் காட்டினார். அன்று இரவும் நாங்கள் அங்கேயே தங்க வேண்டும். பால் காய்ச்சிய வீட்டை வெறுமையாக விட்டுப் போகக் கூடாது.

கரி தணலாகிப் புகையில்லாமல் செக்கச்செவேலென்று இருந்தது. மகளின் மூக்கைத் தொட்டேன், ஐஸ். தாச்சியைச் சின்ன அறைக்குள் இழுத்தேன்.

"உதை வெளியில வைப்பம்" என்றார் அவர்.

"பிள்ளை விறைக்கிறாள். உங்களுக்குக் கண் தெரியேல்லையே?"

அவர் கதவைச் சாத்தினார்.

அறை நன்றாகச் சூடேறியது. மகள் பால் குடிக்காமலே தூங்கிப்போனாள். புது வீட்டில் அடம்பிடிக்காமல் தூங்குகிறாளே, வீடு அவளுக்குப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கன்னம் வேறு நன்றாகச் சிவந்திருந்தது. அவர் தலை இடிக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் இடித்தது. விடியமுன்னர் எழும்பிய அலுப்பு என்று நினைத்தேன். வெளியே பிளாஸ்ரிக் தாள்கள் அடிக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போவதுபோல் இருந்தது.

மத்தியானம் தாண்டியிருக்கும். பால் கொடுக்க மகளைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. கன்னத்தைத் தட்டினேன், உள்ளங்காலைச் சுண்டினேன். கண் திறக்கவில்லை. "இஞ்சருங்கோ" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், எழும்பவில்லை.

அப்போதும் எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள். கண்ணூறு என்றுதான் நினைத்தேன். புது வீடு, அழகான பிள்ளை, யாரோ கண்வைத்துவிட்டார்கள். பையிலிருந்து ஒரு பிடி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மகளின் தலையை மூன்று தரம் சுற்றித் தணலில் போட்டேன். கண்பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள்.

வந்த நெடி வாழ்நாளில் காணாத நெடி. மூச்சு அடைத்தது. அவர் இருமி இருமிக் கையை ஊன்றி எழும்பினார். நான் மகளை அணைத்துக்கொண்டு கதவைத் திறந்து, முழங்காலால் தவழ்ந்து, வாசலைத் தாண்டிப் பனிக்குள் விழுந்தேன். அவர் பின்னால் வந்து விழுந்தார்.

மகள் அழவில்லை. அந்தத் தெருவில் கூப்பிட ஒரு மனிதர் இல்லை. "என்ர பிள்ளையைத் தா, என்ர பிள்ளையைத் தா" என்று யாரைக் கேட்டேன் என்று இன்றும் தெரியாது. அவர் அவளைப் பிடுங்கிக் குளிர் காற்றில் முகத்தைப் பிடித்து முதுகைத் தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு ஒரு முனகல் வந்தது. பிறகு அழுதாள்.

பெருந்தெருவரை நடந்தோம். அங்கே பனி அள்ளும் லொறியில் வந்த ஒருவர் எங்களை ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டார். நஞ்சு புகையில் இல்லை, புகையில்லாத தணல் விட்ட மணமற்ற வாயுவில்தான் இருந்தது என்று டொக்டர் விளக்கினார். யார் கரியை உள்ளே கொண்டுபோனது என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னர் "நான்தான்" என்றார் என் கணவர்.

அதன் பிறகு எல்லோருக்கும் அப்படியே சொன்னார். விருந்துகளில் அவரைப் பகிடி பண்ணுவார்கள். கரிக்கடை முதலாளி என்று பெயர்கூட வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் கோப்பைகளைக் கழுவப் போய்விடுவேன். அவர் கண்ணை மூடி ஆறு வருடங்கள் ஆகின்றன.

போன கிழமை மகள் போன் எடுத்தாள். புது வீடு வாங்கியிருக்கிறாள்.

"அம்மா, எலக்ட்ரிக் அடுப்பில பால் காய்ச்சினால் காணும்தானே? அப்பா மாதிரிக் கரி கொண்டுவர என்னால ஏலாது" என்று சிரித்தாள்.

"அப்பா இல்லை" என்றேன். "நான்தான் மூட்டினது. உன்ர அறைக்குள்ள இழுத்துக்கொண்டு வந்ததும் நான்தான்."

 "அப்பா ஒண்டும் சொல்லேல்லையா?" என்று கேட்டாள்.

"வேண்டாமெண்டு சொன்னவர்" என்றேன். "மூண்டு தரம் சொன்னவர்."